பதினான்கு பேர் அமரும் மேசை

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
1935 தை 14.

பாசமுள்ள ஐயாவுக்கு மகள் நேசம்மா வணக்கத்துடன் எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். வாடைக்காற்றில் எட்டு நாளாகத் தோணி ஓடாததால், நத்தார்த் திருநாளுக்கு நீங்கள் அனுப்பிய பொதி நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. சட்டைத் துணியை அம்மா விரித்துப் பார்த்துவிட்டு, "கொப்பருக்கு நீ இன்னும் பன்ரண்டு வயசுப் பிள்ளைதான். இது உன்ரை ரெண்டு கைக்குத்தான் காணும்" என்று சொல்லிச் சிரித்தார். கோபிக்க வேண்டாம் ஐயா. நீங்கள் லீவில் வந்து போய் நாலு வருடமாகிறது. எனக்கு இப்போது பதினேழு நடக்கிறது.

சோதினையில் சித்தியடைந்துவிட்டேன். இந்தத் தீவிலிருந்து எழுதிய பெண்பிள்ளைகளில் நான் ஒருத்திதான் சித்தி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுவாமியார் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினாராம். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி எங்கே படிப்பது என்பதுதான் கேள்வி. பட்டணத்துப் பெரிய கல்லூரிக்குப் போக வேண்டுமென்று நீங்கள் மூன்று கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். எனக்கோ கரம்பொனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன ஆசிரிய கலாசாலைக்குப் போக ஆசை. மொத்தமே பதினான்கு பேர்தான். ஒரே நீள மேசையைச் சுற்றி இருந்து படிக்கிறார்களாம். அந்த மேசையிலேயேதான் சாப்பாடும். ஊர்காவற்றுறைத் துறையில் இறங்கினால் நடக்கிற தூரம். லீவுக்கு வீட்டுக்கு வர ஒரு தோணி போதும். மதர் பிலோமினா கணக்கைக் கதை மாதிரிச் சொல்லிக் கொடுப்பாராம். இரண்டு வருடத்தில் நான் ஆசிரியை ஆகிவிடலாம்.

உங்கள் அனுமதி வேண்டும். சம்மதமென்று ஒரு வரி எழுதினால் போதும்.

அம்மா தன் பங்குக்கு எழுதச் சொன்னது: கடலைத் தாண்டிப் போன மனிதருக்கு உடம்பைப் பார்க்கவும் தெரிய வேண்டும், மழைக்காலத்தில் தலையில் எண்ணெய் வையாமல் குளிக்க வேண்டாம்.

உங்கள் செல்ல மகள்,
நேசம்மா

~

கெமாஸ், மலாயா,
1935 மாசி 9.

என் கண்ணான மகள் நேசம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது தெற்கே போகும் றெயில் வண்டிக்குக் கொடி காட்டிக்கொண்டு நின்றேன். கொடியை ஒரு கையிலும் கடிதத்தை மறு கையிலும் பிடித்தபடி வாசித்தேன். வண்டி போன பிறகும் கொடியை இறக்கவில்லையென்று என்னோடு வேலை செய்யும் ஊர்காவற்றுறைச் சவரிமுத்தர் பகிடி பண்ணினார். "என்ரை பெட்டை பாஸ் பண்ணிப்போட்டாள்" என்று பிளாட்பாரத்தில் நின்ற சீனனுக்கும் சொன்னேன். அவனுக்கு என்ன விளங்கியதோ, கை கொடுத்துவிட்டுப் போனான்.

துணி விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். அளவை நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பு.

கலாசாலை விஷயத்தில் ஒப்புக்கொள்ள முடியாது.

நீ எழுதியதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு தோணி போதும் என்கிறாய். உன் ஐயா கப்பலேறி ஏழு நாள் வாந்தியெடுத்து இங்கே வந்தது, நீ ஒரு தோணியோடு நின்றுவிடுவதற்கா? மதர் கணக்கைக் கதையாகச் சொல்வார் என்கிறாய். கணக்கைக் கணக்காகச் சொல்பவர்கள் பட்டணத்தில் இருக்கிறார்கள். மேசை என்கிறாய். மேசைக்காக ஆரும் கலாசாலை தேடுவதுண்டோ? நம் வீட்டிலும் மேசை இருக்கிறது.

பட்டணத்துக் கல்லூரியில் இங்கிலீசு படிக்கலாம், பியானோ படிக்கலாம், விஞ்ஞான அறை இருக்கிறது. அங்கே இடம் கேட்டு நான் எழுதி, வரும் தவணைக்கு ஓமென்று பதிலும் வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன். சவரிமுத்தரின் மகன் மரியநாயகம் சிரம்பானில் தபால் கந்தோரில் கிளாக்கர். தங்கமான பெடியன். மூன்று வருடம் போகட்டும், பெரிய கல்லூரியில் படித்த பெண்ணென்றால் எங்களுக்கும் சந்தோஷம் என்று சவரிமுத்தர் சொல்லியிருக்கிறார். நான் ஒன்றுக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் மனதில் வைத்திருக்கிறேன்.

ஆகையால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை பட்டணம் போய்க் கல்லூரியைப் பார். பார்த்தால் உன் மனம் மாறும்.

உன்னை நினையாத நாளில்லாத,
ஐயா

~

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
1935 பங்குனி 8.

அன்பான ஐயாவுக்கு,

நீங்கள் சொன்னபடி பட்டணம் போய்ப் பார்த்தோம். அம்மா தன் கலியாணச் சேலையை எடுத்து உடுத்துக்கொண்டார். ஊர்காவற்றுறையில் இறங்கி, மறுபடி தோணி, பிறகு மாட்டு வண்டி. கல்லூரி நீங்கள் சொன்னது போலவே பெரியது. மதிலைச் சுற்றி நடந்தாலே வேர்த்துவிடும். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காலைச் செபத்துக்கு எங்களையும் மண்டபத்தில் இருத்தினார்கள். நானூறு பிள்ளைகள். தலைமை ஆசிரியை தூரத்தில், அந்தத் தொங்கலில் மேடையில் நின்றார். என் கண்ணுக்குப் பெருவிரல் அளவுதான் தெரிந்தார். திடீரென்று நானூறு பேரும் எழுந்து நின்றார்கள். நான் மட்டும் இருந்தபடியே இருந்தேன். அம்மா தோளைப் பிடித்துத் தூக்கினார். பின் வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். பரவாயில்லை, புதிதாக வருகிறவர்களைப் பார்த்து எங்கேயும் சிரிப்பார்கள்தானே.

திரும்பும் வழியில் கரம்பொனிலும் இறங்கிப் பார்த்தோம். அம்மாவுக்கு அது பிடித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். குசினிக்குள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சட்டி பானையெல்லாம் துப்பரவு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஐயா, எனக்கு அங்கேதான் போக வேண்டும். நான் எழுதியவை காரணமல்ல, சாக்கு என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நினைப்பது சரிதான். இன்னொரு காரணம் இருக்கிறது. அதை எழுதக் கூடாதென்று ஒருவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். காரணம் தெரியாமலே ஒருமுறை எனக்கு ஓமென்று சொல்வீர்களா?

மகள்,
நேசம்மா

பி.கு: அளவு நூலை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் முடிச்சுத் தோள், இரண்டாவது கை.

~

கெமாஸ்,
1935 சித்திரை 2.

நேசம்மாவுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுது.

ஒருவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒருவர் யார்? பதினேழு வயதுப் பெண்பிள்ளை தகப்பனுக்கு எழுதக் கூடாத காரணம் என்னவாக இருக்க முடியும்? கரம்பொனில் உன்னை இழுக்கிற ஆள் ஆர்? நேரே கேட்கிறேன், நேரே பதில் எழுது.

நான் இங்கே தனியாக ஆக்கித் தின்றுகொண்டு கிடப்பது ஆருக்காக? உன்னைக் கெடுக்க வேண்டுமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அம்மா எழுத்து வாசிப்பு அறியாதவள். என் கடிதத்தை நீதான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறாய். இதையும் ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டு. விட்டுவிட்டு வாசித்தால் எனக்குத் தெரிய வரும்.

வைகாசியில் பட்டணத்துக் கல்லூரியில் சேர வேண்டும். இது கட்டளை.

கிறிஸ்தோப்பர்

~

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
1935 சித்திரை 19.

ஐயா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. சுகமென்று எழுதியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். பெயரைப் போட்டு முடித்திருக்கிறீர்கள். ஐயா என்று போடவில்லை. அதை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

கரம்பொனில் ஒருவரும் இல்லை. சத்தியம் கேட்டது அம்மா. அதை இன்றைக்கு நான் உடைக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன்.

ஐயா, எனக்குக் காது கேளாது.

முழுக்கக் கேளாது என்றில்லை. முப்பத்துமூன்றாம் ஆண்டு கார்த்திகையில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்ததே, மாறிவிட்டதென்று எழுதினோமே, அது மாறும்போது இடக்காதை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. வலக்காதில் பாதி நிற்கிறது. ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு பாய் நீளத்துக்குள் அவர் இருந்தால், முக்காற்பங்கு விளங்கும். முகம் திரும்பினால் ஒன்றுமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்வாங்கில் இருந்து, சட்டம்பியாரின் வாயைப் பார்த்து, புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துத்தான் சித்தியடைந்தேன். பட்டணத்து மண்டபத்தில் எழும்பச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அதுதான் நடந்தது. கொஞ்சம் மறைத்து எழுதிவிட்டேன்.

அம்மாவைக் கோபிக்க வேண்டாம். காய்ச்சல் வந்த கிழமை வாடை. ஆறு நாள் ஒரு தோணியும் துறையை விட்டு அசையவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் துறைக்குப் போய்த் தோணிக்காரரின் காலைப் பிடித்துக் கெஞ்சினார். "ஏலாது பிள்ளை, பிள்ளையையும் கொண்டு கடலுக்கை போறதே" என்று சொல்லிவிட்டார்கள். ஏழாம் நாள் ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டொக்டர், முன்னுக்கே வந்திருந்தால் என்று ஏதோ சொன்னாராம். அந்த ஒரு வசனத்தை அம்மா இன்னும் சுமந்துகொண்டு திரிகிறார். "கொப்பருக்குத் தெரிஞ்சா வேலையை விட்டிட்டு ஓடியந்திடுவார். ஊருக்குத் தெரிஞ்சா உன்னை ஆர் கலியாணம் செய்வினம்?" என்று கேட்டுத்தான் என்னிடம் சத்தியம் வாங்கினார்.

இனிக் கரம்பொன். நாங்கள் போன அன்று மதர் பிலோமினா எங்களை அந்த மேசையில் இருத்தினார். எனக்கு இடப்பக்கம் இருந்து இரண்டு கேள்வி கேட்டாராம், நான் பேசாமல் இருந்தேனாம். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் முன்னால் இருந்தார். என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"உமக்கு எவ்வளவு கேக்கும்?"

ஒன்றரை வருடத்தில் என்னிடம் அப்படி நேரே கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் அழுதுவிட்டேன். அம்மா, "எல்லாம் கேக்கும், எல்லாம் கேக்கும்" என்று அவசரமாகச் சொன்னார். மதர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தே பேசினார். "இஞ்சை மண்டபம் இல்லை, பிள்ளை. இந்த ஒரு மேசைதான் இருக்கு. இதிலை எங்கை இருந்தாலும் பதின்மூண்டு முகம் தெரியும். அது உமக்குக் காணுமோ?"

காணும், அதுவே போதும் என்றேன்.

இதுதான் காரணம். தோணியுமல்ல, கதைக் கணக்குமல்ல. நானூறு பேருக்கு நடுவில் நான் தனி. பதினான்கு பேருக்கு நடுவில் நான் பதினான்கில் ஒருத்தி. இதை மறைத்துக்கொண்டு மரியநாயகத்துக்கோ வேறு ஆருக்கோ என்னைக் கலியாணம் பேச வேண்டாம். அது மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

நேசம்மா

~

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
1935 வைகாசி 20.

ஐயாவுக்கு,

இரண்டு தபால் வந்து போயிற்று. உங்கள் கையெழுத்தில் ஒன்றுமில்லை. சுகமில்லையோ என்று பயமாக இருக்கிறது. பட்டணத்தில் சேரும் நாள் போய்விட்டது. கரம்பொனில் ஆனி முதலாம் கிழமை. நீங்கள் வேண்டாமென்றால் போகமாட்டேன், வீட்டில் இருப்பேன். கோபமென்றாலும் எழுதுங்கள். திட்டினால் வாசிப்பேன். எழுத்துக்கு நான் செவிடல்ல.

நேசம்மா

~

கெமாஸ்,
1935 வைகாசி 16.

என் செல்வமே,

இந்தக் கடிதத்துக்கு முன் நாலு எழுதிக் கிழித்தேன். உன்னைக் கேட்ட அந்தக் கேள்வியை, கரம்பொனில் ஆர் என்று கேட்டேனே, அதை எப்படித் திருப்பி எடுப்பதென்று தெரியவில்லை. தபாலில் போட்டதை எடுக்க ஏலாது. மன்னித்துக்கொள், பிள்ளை. தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லையென்று சவரிமுத்தர் சொன்னார். தகப்பன் மகளை அப்படிக் கேட்பது மட்டும் வழக்கமோ என்று அவரைக் கேட்டேன்.

ஒன்று செய்து பார்த்தேன். எனக்கு ஓய்வாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே மெழுகு பூசிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். வழமையாகச் சாமான் வாங்கும் கடைக்காரன் ஏதோ கேட்டான். தலையாட்டினேன். நான் கேளாத சாமானைக் கட்டிக் கையில் தந்தான். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணி அடித்தானாம். இடித்து விழுத்திவிட்டுத் திட்டினான். அவன் வாய் போவதைப் பார்த்தேன், சொல் ஒன்றும் விளங்கவில்லை. அங்கே நின்ற தெரிந்த முகங்களெல்லாம் சிரித்தன. அரைநாள்கூட என்னால் முடியவில்லை, பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். நீ ஒன்றரை வருடம் இதோடு இருந்து, சோதினையும் எழுதி, எனக்குப் பகிடியாகக் கடிதமும் எழுதியிருக்கிறாய். உன்னைப் போல ஒரு ஆளை நான் இந்த றெயில்வேயில் கண்டதில்லை.

கரம்பொனுக்குப் போ. மதருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

சவரிமுத்தரிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "வீட்டிலை கேட்டுச் சொல்லுறன்" என்றார். அடுத்த கிழமை ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த கிழமையும் சொல்லவில்லை. நான் திருப்பிக் கேட்கவில்லை. ஒரே கந்தோரில் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிக்கிறோம், அந்தப் பேச்சு மட்டும் இல்லை. உனக்கு வருத்தமோ?

இனி வருவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. நீ அவளுக்கு எதிரே இருந்து, அவள் முகத்தைப் பார்த்து வாசி.

அல்போன்சம்மா, கடலை ஆரும் பிடித்து வைக்க முடியாது. நான் அங்கே இருந்திருந்தாலும் அதே துறையில் அதே காற்றைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். உன்னைப் போல ஆறு நாளும் போய்க் கெஞ்சியிருப்பேனோ தெரியாது. பிள்ளையை உயிரோடு தந்தவள் நீ. டொக்டர் சொன்ன வசனத்தை இன்றோடு விடு. இனி எனக்கு ஒன்றையும் மறையாதே. மறைத்தால்தான் கோபம்.

உங்கள் இருவரையும் நெஞ்சில் வைத்திருக்கும்,
ஐயா

~

யேசு மரி சூசை

கரம்பொன்,
1935 ஆடி 28.

என் அருமை ஐயாவுக்கு,

நம் கடிதங்கள் கடலில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. நான் உங்களைக் கோபித்து எழுதிய இரண்டாம் கிழமை உங்கள் கடிதம் வந்தது. அம்மாவின் பகுதியை நீங்கள் சொன்னபடியே வாசித்தேன். அம்மா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இருந்தார். "வாசி, இன்னொருக்கா" என்றார். மூன்று தரம் வாசித்தேன். அன்றிலிருந்து தோணிக்காரரைக் கண்டால் அம்மா வழி மாறிப் போவதில்லை.

மரியநாயகம் விஷயத்தில் எனக்கு வருத்தமா என்று கேட்டீர்கள். காணாத ஒருவருக்காக வருந்தத் தெரியவில்லை. நீங்கள் சவரிமுத்தரிடம் உண்மையைச் சொன்னீர்கள் என்பதை வாசித்துத்தான் அழுதேன். அது வேறு அழுகை.

கலாசாலைக்கு வந்து எட்டுக் கிழமை. நான் மேசையின் இந்தத் தலைப்பில் இருக்கிறேன். மதர் அந்தத் தலைப்பிலிருந்து கதிரையை இழுத்துக்கொண்டு என் எதிரே வந்துவிட்டார். பேசுகிறவர் முதலில் மேசையில் ஒருமுறை தட்ட வேண்டுமென்று என்னோடு படிக்கும் வேலணை இராசமணி ஒரு சட்டம் போட்டாள். தட்டினால் மரம் அதிர்கிறது. என் கைக்குத் தெரிகிறது. ஆர் என்று பார்க்கிறேன். இப்போது எல்லாரும் பழகிவிட்டார்கள். உப்புக் கேட்பதற்கும் தட்டுகிறார்கள்.

எல்லாம் தேனும் பாலும் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். சின்ன இடத்தின் கஷ்டமும் இருக்கிறது. ஒருத்தி வீட்டிலிருந்து பணியாரம் வந்தால் பதினான்கு பேருக்கும் தெரியும். ஒருத்தி அழுதால் பதினான்கு பேரும் காரணம் கேட்பார்கள். போன மாதம் எனக்கும் றோசம்மாவுக்கும் சண்டை. அவள் இவ்வூர்ப் பெண், என் பக்கத்துக் கட்டில். அவளுடைய கட்டுரையில் பிழை இருக்கிறதென்று மதருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். என் குரல் எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரிவதில்லை, கத்திச் சொல்லிவிட்டேன் போலும். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள். பேசாமல் விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். வாய் அசைகிறது, முகம் சுவருக்கு. நாலு நாள். பெரிய மண்டபம் திரும்பவும் வந்துவிட்டது போலிருந்தது.

ஐந்தாம் நாள் கிணற்றடியில் அவளை மறித்தேன். "என்னைத் திட்டு. ஆனா என்னைப் பாத்துத் திட்டு" என்றேன். என்னைப் பார்த்தாள். திட்டத் தொடங்கினாள். நடுவில் அழுதாள். "எனக்கு உன்ரை காது ஞாபகம் இல்லையெண்டு நினைச்சியோ? ஞாபகம் இருந்துதான் செய்தனான். அதுதான் எனக்குத் தாங்கேல்லை" என்றாள். இரண்டு பேரும் குடத்தைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டோம். எடுக்கப் பாதாளக்கரண்டி தேடி அலைந்த கதையை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது என் இடப்பக்கத்தில் அவள்தான் இருக்கிறாள். அந்தப் பக்கத்துச் செய்தியெல்லாம் அவள் பொறுப்பு.

உங்கள் மகள்,
நேசம்மா

~

கெமாஸ்,
1936 மார்கழி 3.

மகளுக்கு,

மழை, மழை, மழை. தண்டவாளமெல்லாம் சேறு. உன் ஐயா இருமலோடும் சுகத்தோடும் இருக்கிறேன்.

உன் கடைசிச் சோதினை நெருங்குகிறது. அரசாங்கத்து வித்தியாதரிசி வந்து, நீ வகுப்பு நடத்துவதைப் பார்ப்பார் என்று எழுதியிருந்தாய். அது நினைவுக்கு வந்தால் என் கை வேலையில் நிற்பதில்லை. அவர் உன் மதரைப் போல இருப்பார் என்று ஆர் சொல்ல முடியும்? எப்படி நடந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுது. தோற்றாலும் எழுது. வருடப்பிறப்புக்கு என் லிகிதம் தாமதித்தால் மழைதான் காரணம், வேறொன்றுமில்லை.

மரியநாயகத்துக்கு வேறிடத்தில் சம்பந்தம் முற்றாகிவிட்டது. சவரிமுத்தர் என்னைக் கலியாணத்துக்கு அழைத்தார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாப்பாடு சுமார்.

ஆசையுடன்,
ஐயா

~

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
1937 பங்குனி 11.

என் ஐயாவுக்கு,

சித்தி. இரண்டாம் பிரிவில்.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். வித்தியாதரிசி வகுப்பின் பின்பக்கம் நின்று பார்த்தார். நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பித்தேன். பாதியில் அவர் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நின்றேன். மறுபடி கேட்டிருக்கிறார். முன்வரிசைப் பெண்பிள்ளை ஒன்று கையைக் காட்டித்தான் திரும்பினேன். அவர் முகம் சிவந்திருந்தது.

பயந்து போனேன். என்றாலும், "ஐயா, எனக்குக் காது குறைவு. முன்னுக்கு வந்து கேளுங்கோ, சொல்லுறன்" என்றேன். அவர் வந்தார். கேட்டார். சொன்னேன். மேலும் ஏழெட்டுக் கேட்டார், எல்லாம் சொன்னேன். போகும்போது மதரிடம் என்னவோ நெடுநேரம் பேசினார். பெரிய பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பக் கூடாதென்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். முதலாம் பிரிவு அதனால்தான் இல்லை. அன்றைக்கு எனக்கு மனம் வெந்தது. உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன், இன்னும் கொஞ்சம் வேகிறது.

மதர், "இந்தப் பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் ஆர் கேட்டது?" என்று சொல்லி, நெடுந்தீவுக் கோயில் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கேட்டு எழுதினார். போன திங்கள் சேர்ந்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள். வாங்குகளை எடுத்துவிட்டு எல்லாரையும் வட்டமாகப் பாயில் இருத்தியிருக்கிறேன். தலைமைச் சட்டம்பியார் பார்த்து, "இதென்ன, பந்தியே?" என்று கேட்டார். ஒருவரும் என் முதுகுக்குப் பின்னால் இல்லாத வகுப்பு இது என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். தடுக்கவில்லை.

பிரியும் நாளில் பதினான்கு பேரும் அந்த மேசையைச் சுற்றி இருந்தோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு மட்டுமல்ல, அன்றைக்கு எல்லாருக்கும் கேட்க ஒன்றுமில்லை.

வாத்தியாரம்மா ஆகிவிட்ட,
நேசம்மா

~

கெமாஸ்,
1938 மாசி 20.

என் வாத்தியாரம்மாவுக்கு,

இது இங்கிருந்து நான் எழுதும் கடைசிக் கடிதம். பென்சன் கடதாசி வந்துவிட்டது. பங்குனி நடுவில் கப்பல். பட்டணத்தில் ஒரு நாள் நின்று, தோணி ஓடினால் கடைசிக் கிழமையில் நெடுந்தீவு. சவரிமுத்தர் ஸ்ரேசனுக்கு வந்து வழியனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று என்னிடம், "உம்முடைய மகளைப் பற்றி அண்டைக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது பிழை" என்றார். இத்தனை நாள் கழித்து. பிழைதான் என்று சொன்னேன். பிறகு இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம்.

இரண்டாம் பிரிவைப் பற்றி இன்னும் மனம் வேகிறதென்று எழுதினாய். வேகட்டும். வித்தியாதரிசியை நான் சந்திக்காதிருப்பது அவருக்கு நல்லது.

நீ சிறுபிள்ளையாக இருந்தபோது உன்னை எப்படிக் கூப்பிட்டேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தூரத்திலிருந்து கத்தித்தான் கூப்பிட்டிருக்கிறேன். வேலியிலிருந்து, தோணியிலிருந்து, கிணற்றடியிலிருந்து. பக்கத்தில் வந்து கூப்பிட்ட நினைவு ஒன்றும் வரவில்லை. கடைசி லீவுக்குப் பிறகு ஏழு வருடம் கடலுக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டேன்.

தோணி கரையை அணையும்போது மற்றவர்களெல்லாம் தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிச் சத்தம் போடுவார்கள். நான் வாய் திறக்கமாட்டேன். ஆளைக் காணவில்லையே என்று நீ பயப்பட வேண்டாம். இறங்கி, நடந்து, உனக்கு நேரே வந்து, நீ என் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் உன்னைக் கூப்பிடுவேன். அதுவரைக்கும் ஆரும் உன் தோளைத் தொட்டுத் திருப்ப வேண்டாமென்று அம்மாவுக்குச் சொல்லி வை.

வந்துகொண்டிருக்கும்,
உன் ஐயா